பொம்மைகளின் வரவும் இருப்பும்

குழந்தை உறங்கிய பிறகு நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கூடத்தில் கிடப்பவை ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சக்கரம் கழன்ற கார், ரிமோட் தொலைந்த ஹெலிகாப்டர், பாதித் துண்டுகள் காணாமற்போன ஜிக்சா, மூடியில்லாமல் காய்ந்த ஸ்கெட்ச் பேனா, பேட்டரி தீர்ந்து ஊமையாகிவிட்ட பேசும் கரடி, சாக்லெட் முட்டைக்குள்ளிருந்து வந்த விரல் நீளப் பொம்மை, யாருடைய பிறந்தநாளிலோ ‘ரிட்டர்ன் கிஃப்ட்’டாகக் கிடைத்த சாமான். சோபாவுக்கு அடியிலும் பால்கனி மூலையிலும் பரணிலும் இன்னும் கொஞ்சம் இருக்கும். சலித்துப்போன பெற்றோருக்குச் சொல்லப்படும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னொரு பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள், எடுத்து வைக்கும் பழக்கத்தைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். பெட்டி வருகிறது, நிறைகிறது. எடுத்து வைக்கச் சொல்வது தினசரிச் சண்டையாகிறது. சில மாதங்களில் கூடம் பழைய நிலைக்கே திரும்புகிறது. நோயை மாற்றிக் கணித்ததால் வரும் தோல்வி இது. அடுக்கத் தெரியாததால் பொம்மைகள் குவிவதில்லை. வரவுக்கு அளவும் செலவுக்கு வழியும் இல்லாத வீட்டில் இருப்பு பெருகத்தான் செய்யும். அந்த வரவுக்குக் காரணம் பெரியவர்கள். ஆகவே திருத்தமும் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். வீடு அழகாகத் தெரிவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குவியலில் முதலில் தொலைவது குழந்தையின் விளையாட்டு என்பதற்கு ஆய்வுகள் தரும் சான்றுகள் இருக்கின்றன. அவற்றை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

தமிழ்ச் சூழலில் விளையாட்டுப் பொருளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்றுகால் சிறுதேரை உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. ஆண்பாலில் கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானையும் ஊசலும் வருகின்றன. ஒரு பருவத்துக்கு ஒரு விளையாட்டு என்று வகுத்த இந்த முறையில், பொருள் குழந்தையின் வயதைப் பின்தொடர்ந்து வருகிறது. பிற்கால வீடுகளிலும் வரிசை அப்படித்தான் இருந்தது: கிலுகிலுப்பை, பிறகு நடைவண்டி, மரப்பாச்சி, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் கடைசல் பிடித்துச் செய்த சொப்புச் சாமான், அப்புறம் தெருவுக்குரிய பம்பரமும் கோலியும். தெருவுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. பம்பரத்துக்கு ஒரு காலம், பட்டத்துக்கு ஒரு காலம், கோலிக்கு ஒரு காலம் என்று சீசன் மாறும். ஒன்று வந்ததும் மற்றது தானாக மறையும். யாரும் திட்டமிடாமலே பொருள்கள் சுழற்சியில் இருந்தன. இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்தச் சிக்கனத்தில் பாதி வறுமை. பிள்ளைகளில் பலருக்கு விளையாடும் வயதிலேயே வேலை காத்திருந்தது. பெண் குழந்தைகளின் விளையாட்டு அடுப்படிக்கு ஒத்திகையாகவே பெரும்பாலும் அமைந்தது. ஆனாலும் ஒன்றை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கையில் இருந்தவை குறைவு என்பதற்காக அந்தக் குழந்தைகளின் விளையாட்டு குறுகிவிடவில்லை.

பிறகு என்ன மாறியது? முதலாவது, பொம்மை மலிவாயிற்று. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மை ஒரு டீ, பஜ்ஜியின் விலைக்குக் கிடைக்கும்போது அது வாங்கத் தீர்மானிக்க வேண்டிய பொருளாகவே இல்லாமல் போகிறது. திருவிழாக் கடை, பொருட்காட்சி, சூப்பர் மார்க்கெட்டின் பில் போடும் மேசை, கைப்பேசியில் இரவு பதினொரு மணிக்குப் போடும் ஆர்டர் என வாசல்கள் பெருகிவிட்டன. இரண்டாவது, குழந்தைகள் குறைந்து கொடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. ஒரே பேரப்பிள்ளையைச் சுற்றி இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், அத்தை, சித்தி, மாமா, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் என்று ஒரு வட்டம் நிற்கிறது. நான்கு பிள்ளைகளுக்குப் பகிர்ந்து போன அன்பு முழுவதும் இப்போது ஒரு பிள்ளையின் மடியில் விழுகிறது. மூன்றாவது, விழாக்களின் வடிவம் மாறியது. பிறந்தநாள் கோயில் அர்ச்சனையும் பாயசமுமாக முடிந்த காலம் போய், முப்பது குழந்தைகள் முப்பது பொட்டலங்களோடு வந்து முப்பது பொட்டலங்களோடு திரும்பும் நிகழ்ச்சியாகிவிட்டது. அரசின் நடவடிக்கைகளும் இந்த வரவைத் தொடுவதில்லை. இந்தியா பொம்மை இறக்குமதி வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது; 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்கியது. பொம்மை எங்கே செய்யப்படுகிறது, அது பாதுகாப்பானதா என்ற கேள்விகளுக்கு இவை நல்ல பதில்கள். ஒரு வீட்டுக்குள் எத்தனை வரலாம் என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிக்க முடியாது. அது வீட்டார் கையில் இருப்பது.

குவியல் எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்கு அமெரிக்கா ஒரு முன்காட்சி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று, தொல்லியலாளர் அகழ்வாய்வுக் குழியைப் பதிவு செய்வதுபோல ஒவ்வொரு பொருளையும் பதிவு செய்தார்கள். உலகக் குழந்தைகளில் 3.1 சதவீதம் மட்டுமே வாழும் அமெரிக்காவில் உலகப் பொம்மைகளில் 40 சதவீதம் வாங்கப்படுகின்றன என்று 2012-இல் வெளிவந்த அவர்களுடைய நூல் குறிப்பிட்டது. அந்தக் குடும்பங்களை ஆராய்ந்த டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கவனிக்கத்தக்கது. தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது குப்பை, குவியல், முடியாத வேலை என்ற பொருளில் அதிகம் பேசிய பெண்களின் உடலில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு ஒரு நாளில் இறங்க வேண்டிய விதத்தில் இறங்கவில்லை. குவியல்தான் அழுத்தத்தை உண்டாக்கியது என்று இதிலிருந்து அறுதியிட முடியாது. ஏற்கெனவே களைத்திருந்தவர்களின் கண்ணுக்கு வீடு அதிகக் குவியலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சுமை யார் தோளில் விழுகிறது என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். தரையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் யாரோ குனிந்து எடுக்கிறார்கள். அந்த முதுகு பெரும்பாலும் அம்மாவுடையது அல்லது பாட்டியுடையது. வாங்கிக் கொடுத்தவர் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை.

பெரியவர்களின் சிரமம் ஒருபுறம் இருக்கட்டும். குழந்தைக்கு என்ன நேர்கிறது? அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் கேட்டது. ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை ஒருமுறை நான்கு பொம்மைகளோடும் இன்னொருமுறை பதினாறு பொம்மைகளோடும் தனித்தனியே விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் குழந்தை அதிக நேரம் தங்கியது. ஒரே பொருளைப் பல விதங்களில் பயன்படுத்தியது. பதினாறு இருந்தபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. தங்குதல் என்ற இந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கிண்ணத்தை முதலில் தட்டிப் பார்க்கும் குழந்தை, அலுத்துப் போனால் கவிழ்க்கும், தலையில் தொப்பியாக்கும், அதில் பொம்மையைக் குளிப்பாட்டும். இரண்டாவது, மூன்றாவது பயன்பாடு முதல் அலுப்புக்குப் பிறகே பிறக்கிறது. அந்த அலுப்பு வரும் கணத்தில் பக்கத்தில் பதினைந்து பொருள்கள் பளபளத்தால் கண்டுபிடிக்கும் தேவையே எழாது. இதோடு ஒத்துப்போகும் இன்னொரு சான்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அன்னா ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்டது. சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டிய வகுப்பறையில் மழலையர் வகுப்புக் குழந்தைகள் பாட நேரத்தில் 38.6 சதவீதத்தைக் கவனம் சிதறிக் கழித்தார்கள். வெறும் சுவருள்ள அறையில் அது 28.4 சதவீதம். தேர்வில் சரியான விடைகள் முன்னதில் 42 சதவீதம், பின்னதில் 55. வேண்டாதவற்றைப் புறந்தள்ளும் ஆற்றல் சிறு வயதில் இன்னும் முதிரவில்லை. பெரியவர் கண்ணுக்குப் பழகிப் பின்னணியாகிவிடும் குவியல், குழந்தையை ஒவ்வொரு நிமிடமும் அழைத்துக்கொண்டே இருக்கிறது.

எண்ணிக்கையைப் போலவே பொருளின் தன்மையும் முக்கியம். நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் இருந்த 26 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். பாடிப் பேசி விளக்கெரியும் மின்னணுப் பொம்மைகள் இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள். குழந்தையோடு மாறி மாறி நிகழும் உரையாடலும் குறைந்தது. புத்தகங்களும் கட்டைகளும் இருந்தபோது பேச்சு கூடியது. பொம்மை பேசத் தொடங்கியதும் அம்மா பேச வேண்டியதில்லாமல் போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018 இறுதியில் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே வலியுறுத்தியது: விலையும் தொழில்நுட்பமும் நல்ல பொம்மையின் அளவுகோல் ஆகா; பெரியவரையும் குழந்தையையும் ஒன்றாக விளையாட வைப்பதே நல்ல பொம்மை. இந்தச் சிந்தனைக்கு இன்னும் பழைய வேர்கள் உண்டு. 1907-இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், நன்கொடையாக வந்த அழகிய பொம்மைகளைக் குழந்தைகள் சீண்டாமல், கையால் செய்து பார்க்கும் சாதனங்களிடமே திரும்பத் திரும்பப் போனதை அவர் கவனித்தார். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், எடுத்ததை அங்கேயே வைத்த பிறகு அடுத்தது என்ற ஒழுங்கு அவருடையது. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தை அங்கும் கொடைக்கானலிலுமாகக் கழித்து, இந்திய ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சியளித்தார். சைமன் நிக்கல்சன் 1971-இல் முன்வைத்த ‘உதிரிப் பாகங்கள்’ கோட்பாடும் இதன் நீட்சி. எத்தனை விதமாக மாற்றியமைக்கத்தக்க உதிரிகள் ஒரு சூழலில் இருக்கின்றனவோ அந்த அளவுக்கு அங்கே படைப்பாற்றலுக்கு இடமுண்டு என்றார் அவர். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூப்பும் கொண்டு அறிவியல் கற்பித்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தாவின் வாழ்நாள் பணி அதன் இந்திய நிரூபணம்.

சான்றுகளின் எல்லையையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 36 குழந்தைகள், 26 குடும்பங்கள் என்பவை சிறிய எண்கள். டோலிடோ ஆய்வு குறுகிய நேரம் ஓர் ஆய்வறைக்குள் நடந்தது. ஆண்டுக்கணக்கில் குவியலுக்குள் வளரும் குழந்தையைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை. நான்குதான் சரியான எண் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அண்ணன் தங்கை சேர்ந்து விளையாடும் வீட்டுக்கும் கணக்கு வேறு. பொம்மைகளை அறவே நீக்கிப் பார்த்த முயற்சியும் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் 1992-இல், போதைப் பழக்கத் தடுப்பின் ஒரு பகுதியாக, மழலையர் பள்ளிகளில் மூன்று மாதம் விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, மேசை நாற்காலி போர்வையோடு மட்டும் குழந்தைகளை இருக்க விட்டார்கள். குழந்தைகள் பேசியும் திட்டமிட்டும் தாமாக விளையாட்டுகளை உருவாக்கினார்கள் என்பது அதை நடத்தியவர்களின் அனுபவம். அது ஒரு குறித்த கால முயற்சி; அங்கே விளையாட நண்பர்கள் நிறைய இருந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் தனியே இருக்கும் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இந்த எல்லைகளையெல்லாம் கழித்த பிறகும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு முறைகளில் செய்யப்பட்டவை ஒரே திசையைக் காட்டுகின்றன. பொம்மை கூடக் கூட விளையாட்டும் கூடும் என்ற நம்பிக்கைக்கு இவற்றுள் எதிலும் ஆதரவில்லை.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். நமக்குக் கிடைக்காதது நம் பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று வாங்கும் முதல் தலைமுறைப் பெற்றோரிடம் ‘குறைத்துக்கொள்’ என்று சொல்ல யாருக்கு உரிமை? கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த ஒருவர் தன் மகளுக்கு வாங்கும் பொம்மையில் அவர் பட்ட அவமானமும் பெற்ற வெற்றியும் இருக்கின்றன. இதை அலட்சியம் செய்யும் எந்த வாதமும் வசதி படைத்தவர்களின் நாகரிகமாகவே ஒலிக்கும். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெற்றோர் இளமையில் ஏங்கியது ஒரு பொம்மைக்காக. பிள்ளைக்கு நாற்பது கொடுக்கும்போது அந்த ஒன்றின் அருமையை அவர்களே அழித்துவிடுகிறார்கள். மார்ஷா ரிச்சின்ஸ், லான் சாப்ளின் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அன்பைக் காட்டவும் நடத்தையைத் திருத்தவும் பொருள்களையே கருவியாகக் கொண்ட வீடுகளில் வளர்ந்தவர்கள், வளர்ந்த பிறகும் தம் மதிப்பை உடைமைகளால் அளக்கும் போக்குடையவர்களாக இருந்ததைக் காட்டியது. இன்னோர் ஆட்சேபம்: தெருவும் திண்ணையும் போய்விட்டன, வாகனத்துக்குப் பயந்து பிள்ளையை வெளியே விட முடியாது, பொம்மையாவது வேண்டாமா? இது உண்மையான இழப்பைப் பற்றிய உண்மையான கேள்வி. ஆனால் தெரு கொடுத்தது பொருளை அல்ல, துணையை. துணையின் இடத்தைப் பொருள் எத்தனை வந்தாலும் நிரப்புவதில்லை என்பதாலேயே வரவு நிற்காமல் போகிறது. அடுத்த வீட்டுக் குழந்தை மாலையில் ஒரு மணி நேரம் வந்து போவது பத்துப் பொம்மைகளுக்கு மேல். ‘இது மூளையை வளர்க்கும்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கப்படும் கல்விப் பொம்மைகளுக்கும் இதே பதில் பொருந்தும். ஒன்றிரண்டை யாராவது உட்கார்ந்து சேர்ந்து விளையாடினால் பயன் உண்டு. அலமாரியில் இருபது கிடந்தால் அவையும் குவியல்தான்.

இனிச் செய்யத்தக்கவற்றை வரவு, இருப்பு, செலவு என்ற வரிசையிலேயே பார்க்கலாம். இருப்பிலிருந்து தொடங்குவது எளிது. உடைந்தவை, துண்டு தொலைந்தவை, வயது கடந்தவை, இப்போது விளையாடப்படுபவை என்று ஒருமுறை பிரித்தாலே குவியலின் பெரும்பகுதி முதல் மூன்று வகையில் விழும். நான்காவது வகையிலும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு பகுதியைக் குழந்தைக்கு எட்டும் தட்டில் வைத்து, மீதியைக் கட்டி மேலே ஏற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றினால் பழைய பொம்மை புதியதாக இறங்கி வரும். இது இறக்குமதியான யோசனை என்று நினைக்க வேண்டாம். கொலு வைக்கும் வீடுகளில் ஆண்டு முழுவதும் பழைய வேட்டித் துணி சுற்றிப் பரணில் இருக்கும் பொம்மைகள் நவராத்திரிக்கு இறங்கி, படியேறி, திரும்பவும் பரணுக்குப் போகின்றன. மரப்பாச்சி தலைமுறை கடக்கிறது. அந்த அருமை அவற்றுக்கு வந்தது எப்போதும் கண்ணில் படாததால்தான். எல்லாவற்றையும் கொட்டி வைக்கும் ஆழமான பெட்டியைத் தவிர்ப்பது நல்லது. அடியில் இருப்பதை எடுக்க முழுவதையும் கவிழ்க்க வேண்டியிருப்பதால் அந்தப் பெட்டியே குப்பையை உண்டாக்குகிறது. கட்டைகள், சொப்பு, களிமண், வண்ணம், துணி, புத்தகம் போலப் பல விதமாக ஆடத்தக்கவற்றுக்கு முதலிடம். பொத்தானை அழுத்தியதும் தன் வித்தையைக் காட்டி முடித்துவிடுபவற்றுக்குக் கடைசி இடம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சின்னத் துண்டுகள் தொண்டையில் அடைக்கும். பொத்தான் பேட்டரி விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். குவியலுக்குள் இவை கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது ஆபத்து. குறைத்தல் என்பது இங்கே உயிர்ப் பாதுகாப்பும் ஆகும்.

பிரித்தெடுப்பதில் ஒரு நெறியும் வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போன நேரம் பார்த்து மூட்டை கட்டுவது வேலையைச் சுலபமாக்கும், நம்பிக்கையை உடைக்கும். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1950-களின் தொடக்கத்திலேயே விளக்கியதுபோல, அழுக்கேறிய ஒரு துணியோ காது பிய்ந்த ஒரு கரடியோ குழந்தைக்கு அம்மாவுக்கும் உலகத்துக்கும் நடுவே பாலமாக இருக்கலாம். பெரியவர் கண்ணுக்கு முதலில் தூக்கிப் போடத் தோன்றுவது அதுவாகவே இருக்கும். ஆகவே உடைந்தவற்றையும் ஆபத்தானவற்றையும் பெரியவர்கள் நீக்கலாம். மற்றவற்றில் எதை வைப்பது, எதை மேலே ஏற்றுவது, எதை யாருக்குக் கொடுப்பது என்பதில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு சொல் இருக்கட்டும். ‘எதை வேண்டாம் என்கிறாய்?’ என்று கேட்பதைவிட ‘எவை தட்டில் இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் பதில் எளிதில் வரும். எடுத்து வைப்பது கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கமே, அதை மறுக்கவில்லை. எட்டுப் பொருளை எடுத்து வைக்க நான்கு வயதுப் பிள்ளையால் முடியும். எண்பதை எடுத்து வை என்று சொல்லிவிட்டு அதைச் சோம்பேறி என்பது நியாயமில்லை. அப்பாவும் குனிந்து எடுக்கும் வீட்டில் பிள்ளை அதைப் பார்த்தே கற்கும்.

வரவைக் கட்டுப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அது உறவுகளைத் தொடுகிறது. தாத்தா வெறுங்கையோடு வருவதில்லை. மாமா கொண்டுவந்ததை வேண்டாம் என்றால் மனத்தாங்கல் வரும். கொடுப்பதை நிறுத்தச் சொல்வதைவிடக் கொடுக்கும் வடிவத்தை மாற்றச் சொல்வது நடக்கக்கூடியது. ‘அப்பா, அடுத்த தடவை பொம்மைக்குப் பதிலா அவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க’ என்ற வேண்டுகோளில் மறுப்பு இல்லை. தாத்தாவின் நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது. பழங்கள், கதைப் புத்தகம், நீச்சல் வகுப்புக்கான கட்டணம், செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஒரு தொகை, சித்தப்பாக்கள் சேர்ந்து வாங்கித் தரும் ஒரே சைக்கிள் ஆகியவை எல்லாம் அன்பின் வடிவங்களே. பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் தருவதைத் தெருவிலோ குடியிருப்பிலோ நான்கைந்து குடும்பங்கள் பேசி ஒரு செடி, ஒரு புத்தகம், ஒரு தின்பண்டம் என்று மாற்றிக்கொண்டால் யாருக்கும் கௌரவக் குறைவு வராது. ஒருவர் தனியே செய்தால் கஞ்சத்தனமாகத் தெரிவது, சேர்ந்து செய்தால் வழக்கமாகிவிடும். விளம்பரத்தின் பங்கையும் மறக்கக் கூடாது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரங்களைத் தடை செய்திருக்கிறது. பெட்டி பிரிக்கும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்க்கும் பிள்ளைகளுக்கு எந்தத் தடுப்பும் இல்லாத நிலையில், திரை நேரத்தைக் குறைப்பதும் பொம்மை வரவைக் குறைக்கும் ஒரு வழி.

செலவு, அதாவது வெளியேறும் வழி, வீட்டால் மட்டும் முடிவதில்லை. பொம்மைத் தொழில் தன் வருவாயோடு ஒப்பிட மற்ற நுகர்பொருள் துறைகளைவிட அதிகமாகப் பிளாஸ்டிக்கைச் சார்ந்திருக்கிறது என்று 2014-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை கணக்கிட்டது. பிளாஸ்டிக், திருகு, கம்பி, பேட்டரி எல்லாம் கலந்திருப்பதால் பழைய இரும்புக்காரரும் அதை எடுப்பதில்லை. அது குப்பைக் கிடங்குக்கே போகிறது. கொடுத்துவிடலாம் என்றால் அதிலும் ஒழுக்கம் வேண்டும். உடைந்ததையும் துண்டு குறைந்ததையும் ‘ஏழைக் குழந்தைகளுக்கு’ என்று மூட்டை கட்டி அனுப்புவது நம் குப்பையை இன்னொருவர் வாசலில் கொட்டுவதாகும். நல்ல நிலையில் உள்ளதைத் துடைத்து, முழுதாக, கேட்டுக் கொடுப்பதே கொடை. இதற்கு நிலையான பொது ஏற்பாடு இருக்க முடியும். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935-இல், லாஸ் ஏஞ்சலஸில் பொம்மைகளை நூல்போல இரவல் தரும் திட்டம் தொடங்கியது. 1963-இல் ஸ்டாக்ஹோமில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகப் பொம்மை நூலகம் உருவாயிற்று. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களும் கிளை நூலகங்கள் வரை பரவிய பொது நூலகத் துறையும் இருக்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியையே வைத்திருக்கிறது. அங்கெல்லாம் புத்தகத்தோடு கட்டைகளும் பல்லாங்குழியும் ஜிக்சாவும் இரண்டு வார இரவலுக்குக் கிடைத்தால், வாங்க முடியாத வீட்டுக்குப் பொம்மை வரும், வாங்கிக் குவிக்கும் வீட்டில் குவியல் குறையும். ஒரே ஏற்பாடு இரண்டு குறைகளையும் தொடும்.

இவ்வளவையும் செய்த பிறகும் வீடு கண்காட்சிபோல இருக்காது; இருக்க வேண்டியதுமில்லை. விளையாடும் வீட்டில் தரையில் நாலு கட்டை கிடக்கத்தான் செய்யும், பாதி கட்டிய கோபுரம் ராத்திரியும் நிற்கத்தான் வேண்டும். சுத்தத்தை இலக்காக்கினால் குழந்தையின் விளையாட்டே நமக்கு எதிரியாகத் தெரியத் தொடங்கும். அது குவியலைவிடக் கெட்டது. வெற்றியை வேறு விதமாக அளக்கலாம். போன மாதம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகத் தாவிய பிள்ளை இன்று ஒரே சொப்புச் செட்டோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, இல்லாத அடுப்பில் இல்லாத சாம்பாரைக் கொதிக்க வைத்து, நம்மையும் கூப்பிட்டுப் பரிமாறுகிறதா? அப்போது நாம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, ‘உப்புக் கொஞ்சம் கம்மி’ என்று சொல்கிறோமா? கடையில் வாங்கிக் குவித்த எல்லாவற்றையும்விடக் குழந்தை நம்மிடம் கேட்டது அந்த அரைமணி நேரத்தைத்தான்.